ஒன்பது நாள் சோறு

அது எண்பத்தொன்றா, எண்பத்திரண்டா என்று எனக்கு நிச்சயமில்லை. ஞானேஸ்வரி என்னிடம் தந்துவிட்டுப் போன கசெற்றில் திகதி எழுதப்படவில்லை. அவள் வாயால் சொன்னது எது, கசெற்றில் நான் கேட்டது எது என்றுகூட இப்போது பிரித்தறிய முடியவில்லை.

இரணைமடு வாய்க்காலோரம் இருந்த அந்த வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். நல்லதம்பிக் கிழவர் தனக்குப் போட்ட சோற்றில் சரிபாதியை ஒரு வாழையிலைத் துண்டில் எடுத்து வேலியோரம் வைத்தார். பிறகு கும்பிட்டபடி நின்றார்.

“இது ஆருக்கு?” என்று ஞானேஸ்வரி அவருடைய மகளிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அப்புவின்ர சிநேகிதருக்காம். சயாமில ரயில் பாதை போடேக்க செத்தவராம். நான் பிறந்த நாளிலயிருந்து இதுதான் கூத்து. எங்கட வேலிக் காகமெல்லாம் திண்டு கொழுத்து வண்டி வைச்சிட்டுது, அக்கா.”

“சிநேகிதரின்ர பேர்?”

“வீரபாகு.”

அது ஞானேஸ்வரியின் தகப்பனுடைய பெயர்.

அவள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. சயாம் ரயில் பாதைக்கு யப்பான் இராணுவம் பிடித்துப்போன ஆட்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போது மலாயாவுக்குக் கப்பலேறிய தகப்பனும் அந்த ஆட்களில் ஒருவர். ஒரே ஊரிலிருந்து அவரோடு கூடப் போனவர்தான் நல்லதம்பி.

தாய் கமலாட்சி நாற்பது வருடமாகக் குங்குமத்தை அழிக்கவுமில்லை, திவசம் கொடுக்கவுமில்லை. செத்த நாள் தெரியாமல் எதைச் செய்வது? அந்த ஒரு நாளைக் கேட்டுக்கொண்டு போகத்தான் ஞானேஸ்வரி வந்திருந்தாள். ஆய்வு அதற்குப் பிறகுதான்.

கதிரையில் ரேப் ரெக்கோடரை வைத்து அழுத்தினாள்.

“உங்களை எல்லாம் அடிமையள் எண்டு எழுதலாமோ, ஐயா?”

“அடிமைக்கு எசமான் வயிறு பார்த்துச் சோறு போடுவான், பிள்ளை. எங்களைப் பாதை முடியிறவரைக்கும்தான் தேவை. விடிய இடாப்புக் கூப்பிடேக்க ‘ஓம்’ எண்டு குரல் குடுத்தா, அந்தப் பேருக்கு ஒரு பேணி சோறு. அவ்வளவுதான்.”

“ஆராவது செத்தா?”

“பின்னேரம் பிணத்தை எண்ணிப்போட்டு, பேரைச் சிவப்பு மையால வெட்டுவாங்கள். அண்டண்டைக்கே வெட்டுவாங்கள். அடி உதையில பிழை விட்டாலும் அதில மட்டும் பிழை விடமாட்டாங்கள்.”

“நீங்கள் தப்பி வந்த பிறகு ஊருக்கு வந்து அம்மாவிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, ஐயா?”

“ஊர்ப்பக்கம் போகக் கால் வரேல்ல, பிள்ளை. கப்பலால இறங்கி நேர இந்தக் காட்டுக்குத்தான் வந்தனான்.”

அதைத் துயரம் என்று அவள் நினைத்தாள். பையிலிருந்து ஒரு போட்டோகொப்பியை எடுத்து விரித்தாள். முகாமின் ஆட்பதிவு இடாப்பில் ஒரு பக்கம். நாற்பத்தேழாம் இலக்கம், வீரபாகு. நாற்பத்தெட்டு, நல்லதம்பி. ‘ஓம்’ சொன்னதற்கு அடையாளமாக நாளுக்கொரு புள்ளடி போட்டு, நாற்பத்தேழின் மேல் ஓகஸ்ட் பதினான்காம் திகதி ஒரு கோடு.

“ஐயரிட்டப் பழைய பஞ்சாங்கம் பார்த்தனான். ஆடி மாசம், பூரணைக்கு முதல்நாள். அண்டைக்குத்தானே அப்பா செத்தவர்? நீங்கள் ஓம் எண்டு சொன்னாக் காணும். அம்மா ஒரு திவசமாவது குடுத்திட்டுப் போவா.”

கிழவர் புள்ளடிகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஆறாம் திகதியில் விரல் நின்றது.

“இதிலயிருந்து வீரபாகுவுக்கு, கொப்பற்ர பேருக்கு, ‘ஓம்’ எண்டது நான். அவருக்குக் காய்ச்சல் தொடங்கினது. எங்கட முகங்கள் எல்லாம் யப்பான்காரனுக்கு ஒண்டுதான். ரெண்டு தரம் ‘ஓம்’ எண்டு சொல்லி ரெண்டு பேணி வாங்கினனான். ரெண்டையும் நான்தான் திண்டனான். ஒன்பது நாள்.”

ஞானேஸ்வரி அப்படிப்பட்ட கதைகளைப் படித்திருந்தாள். வேறு முகாம்களில் சோற்றுக்காகப் பிணத்தைப் பாய்க்கு அடியில் மறைத்து வைத்த ஆட்களைப் பற்றி அவளுடைய கொப்பியிலேயே குறிப்பு இருந்தது. அவள் எழுந்து போய்க் கிழவரின் கையைப் பிடித்தாள்.

“செத்த ஆளுக்கு என்னத்துக்கு ஐயா சோறு? இதுக்கோ இவ்வளவு காலமும் காகத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீங்கள்? நீங்களாவது தப்பினீங்கள். அப்பா இருந்திருந்தா தானே எடுத்துத் தந்திருப்பார்.”

போட்டோகொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அப்ப கோடு பிந்திப் போட்டிருக்கிறாங்கள். செத்த நாளுக்கு நான் ஒன்பது நாள் பின்னுக்கு எண்ணவேணும். பதின்மூண்டு, பன்ரெண்டு, பதினொண்டு...”

கசெற்றில் இந்த இடத்தில் நீண்ட மௌனம் வருகிறது. வேலியோரம் காகங்கள் சோற்றுக்குச் சண்டை பிடிக்கின்றன. பேணி ஒன்று உருளுகிறது. நான் எத்தனையோ தரம் அதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அது முன்பைவிட நீளமாக இருக்கிறது.

நல்லதம்பி எண்பத்துநான்கு மாசியில் இறந்தார். மகள் அதன்பின் இலை வைப்பதில்லை. கமலாட்சிக்கு எந்தத் திகதியும் சொல்லப்படவில்லை. எண்பத்தாறில் குங்குமப் பொட்டோடு போனார். ஞானேஸ்வரி ஆய்வை முடிக்கவில்லை. வவுனியாவில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பிக்கிறாள்.

மௌனம் முடிந்ததும் கசெற்றில் கிழவரின் குரல் மட்டும் கேட்கிறது.

“பின்னுக்கு எண்ணாதையும், பிள்ளை. அந்த ஒன்பது நாளும் கொப்பர் உயிரோடதான் கிடந்தவர்.”