முழு உரிமை

திருப்பதி பேருந்து ஆந்திர எல்லைக் கதவருகே நின்றது. மகள் அபூர்வாவுக்கு மொட்டை போட அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள் தமயந்தி. பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு மாநிலம் தாண்டினால், மற்றவர் இருந்த இடத்திலிருந்தே கைக்கடிகாரத்தைத் தொட்டுச் சம்மதிக்க வேண்டும். அதுவரை கதவு திறக்காது.

பிரிந்து வாழும் கணவன் குணாளன் ஒருமுறையும் மறுத்ததில்லை. இன்று பத்து நிமிடமாகியும் பதில் இல்லை.

“வேணும்னே பண்றாரு” என்றாள் தமயந்தி.

“குளிச்சிட்டு இருப்பாரும்மா. அதுக்குள்ள சண்டைக்கு நிக்காதீங்க” என்றார் நடத்துநர் புஷ்பம்.

கதவு திறந்தது. கதவின் மேலிருந்த திரையில் எழுத்துகள் வந்தன: ‘தந்தை இன்று காலை காலமானார். இனி முழு உரிமை தாய்க்கே. செல்லலாம்.’

மூன்று வருடம் நீதிமன்றத்தில் அவள் கேட்ட உரிமை அது. தமயந்தி அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“அப்பா சரின்னுட்டாராம்மா?” என்றாள் இன்னும் படிக்கத் தெரியாத அபூர்வா.

புஷ்பம் எதிரே வந்த சென்னைப் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தமயந்தியின் கையைப் பிடித்து இறக்கினார்.

“வா கண்ணு, அப்பாவைப் பாத்துட்டு வரலாம்.”

“சாமி கோவிச்சுக்காதா?”

“கோவிச்சுக்காது. அப்பாவைத்தான் முதல்ல பாக்கச் சொல்லும்.”