ஒன்பதில் வைத்த ஸ்கோப்

உலகில் குறி தவறாதவர்கள் சிலரே. அவர்களில் தானும் ஒருவன் என்பதில், துபாயிலிருந்து முத்துப்பேட்டை மாமனார் வீட்டுக்கு வந்திருந்த ஜாஹிதுக்குச் சந்தேகமே இல்லை. மதிய விருந்துக்குக் காட்டு வாத்து கொண்டுவருவதாக மாமனாரிடம் சொல்லிவிட்டு, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பொருத்திய ஏர்கன்னோடு வாய்க்கால் கரையில் படுத்திருந்தான்.

"மச்சான், கிட்டத்துக்கு ஸ்கோப்பு மூணு மடங்கு பெருசாக் காட்டினா போதும். ஒன்பதுல வெச்சா சுத்தி ஒண்ணும் தெரியாது" என்றான் மைத்துனன் சித்தீக்.

"நான் அரபிங்களோட பாலைவனத்துல ஒன்பதுல வெச்சு சுட்டவன்டா. பாரு, ஒவ்வொரு இறகும் தெரியுது!"

"மச்சான், அந்த வாத்து வந்து..."

"பேசாதடா, பறந்துடும்!"

குறி தப்பவில்லை. உயிர் போகுமுன் ஓடிப்போய், பிஸ்மில்லா சொல்லி அறுத்து, வெற்றியோடு தூக்கிப் பிடித்தான்.

அதன் காலில், தன் வீட்டு வாத்து என்று அடையாளம் தெரிவதற்காக அவன் மாமியார் கட்டிவிட்ட பச்சை நூல் இருந்தது.