நாலாம் அறையில் மட்டும்

"வேணும்னே இழுத்தடிக்கறா, சாய்நாத், அந்தம்மா. மத்த மூணு ரூம்லயும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள படம் வந்துடறது. நாலாம் ரூம்ல மட்டும் கேன்டீனுக்குப் போய் காபி குடிச்சுட்டே வந்துடலாம்!"

ஆழ்வார்பேட்டையில் உள்ள அந்தத் தனியார் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி பரத்வாஜ் கொதித்துக்கொண்டிருந்தார்.

பெற்றவர்களுக்குப் புற்றுநோய் வந்திருந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆலோசனை சொல்ல அங்கே நான்கு அறைகள். கம்ப்யூட்டரில் குடும்பத்தின் வரைபடம் விரியும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர் கறுப்பு. செத்துப்போனவர் மேல் குறுக்கே ஒரு கோடு. எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரென்று காட்ட ஓர் அம்பு. அந்த வரைபடத்தைச் சாப்ட்வேருக்குள் பொருத்திக் கொடுத்தவன் சாய்நாத்.

"சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். உங்க சாப்ட்வேர் போகணுமா, அந்தம்மா போகணுமா?"

லிஃப்டில் ஏறும்போதே நந்தனம் ஆபீஸிலிருந்து முதலாளி அசோகனின் போன்.

"இன்னா நைனா, நம்ம சாப்ட்வேர்ல தப்புன்னு மட்டும் சொல்லிட்டு வந்து நிக்காத. அப்பால நீ இங்க வரவே வேணாம்."

நாலாம் அறையின் ஆலோசகர் அஃப்சருன்னிசா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஐம்பதைத் தாண்டிய அம்மாள்.

"தம்பி, வெளியே ஃபிசான்னு ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. அவளை மட்டும் பார்த்துட்டு சிஸ்டத்தைத் தரட்டுமா? அம்மாவும் பெரியம்மாவும் இதே நோயிலதான் போனாங்க. ரெண்டு தடவை கதவு வரைக்கும் வந்துட்டு ஓடிட்டா. இன்னிக்கு எப்படியாவது பேசி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிட்டேன்னா, வியாதி வர்றதா இருந்தாலும் முன்னாடியே பிடிச்சிடலாம்."

"முதல்ல சிஸ்டம் மேடம். அப்புறம்தான் மத்ததெல்லாம்."

அவனுக்கு அவன் வேலை பெரிது.

கோளாறு சீக்கிரமே அகப்பட்டது. மற்ற அறைகளில் வட்டமும் கட்டமும் வெறுமனே இருந்தன. இந்த அறையில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முகம். செல்போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தார் அஃப்சருன்னிசா. நகத்தளவு வட்டத்துக்குள் சுவரளவு போட்டோ. ஒரு குடும்பத்தைத் திறந்தால் அத்தனையையும் இழுத்து வந்து ஒவ்வொன்றாக வரைவதற்குள் வரைபடத்துக்கு மூச்சு வாங்கியது.

"யார் சொல்லி மேடம் போட்டோ போட்டீங்க?"

"யாரும் சொல்லல தம்பி. போட வழி இருந்தது, போட்டேன். தப்பா?"

சுருக்கென்றது அவனுக்கு. அந்த வழியைத் திறந்து வைத்தவனே அவன்தான். ஏற்றும்போதே போட்டோ சுருங்கிக்கொள்ளும்படி எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டான். இப்போதும் எழுதலாம். ஆனால் அதற்கு நேரம் கேட்க வேண்டும். நேரம் கேட்டால் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அழிக்க ஒரே ஒரு பட்டன் போதும். அழுத்தினான்.

"என்ன ஆச்சு?" கதவைத் திறந்துகொண்டு பரத்வாஜ்.

"சாப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல சார். மேடம்தான் யாரையும் கேட்காம போட்டோவா ஏத்தி வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்போ பாருங்க."

ஒரு குடும்பத்தின் பேரைத் தட்டினான். பளிச்சென்று விரிந்தது.

"அதானே பார்த்தேன்! இந்த மாசக் கடைசியோட நின்னுக்கோங்கம்மா. ம், வெளியில இருக்கறவாளைக் கூப்பிடுங்கோ." பரத்வாஜ் நடைபாதைக்குப் போய்விட்டார்.

சாய்நாத்தின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அஃப்சருன்னிசா வேலைக்காக வாதாடவில்லை. "அந்தப் பொண்ணு வந்துட்டுப் போனப்புறம் அழிச்சிருக்கலாமே தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அவன் லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது ஃபிசா உள்ளே வந்தாள். இருபது வயது இருக்கும். துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தாள்.

ஃபிசாவின் பேரைத் தட்டிவிட்டு, அவள் பக்கம் பார்த்திருந்த திரையைத் திருப்ப அஃப்சருன்னிசா கையை நீட்டினார். அதற்குள் படம் வந்துவிட்டது.

"ஆன்ட்டி, அம்மி போட்டோ அனுப்பினேனே, எங்க?"

அம்மாவின் முகத்தைத் தேடி ஃபிசா திரைக்கு அருகே குனிந்தாள்.

"நீங்கதானே சொன்னீங்க? மெதுவாத்தான் வரும், முதல்ல அம்மி முகம் வரும், அவங்களைப் பத்திப் பேசுவோம். அப்புறம் பெரியம்மா வருவாங்க, அவங்க பண்ண கலாட்டாவெல்லாம் பேசிச் சிரிப்போம். பயமா இருந்தா நடுவுல நிறுத்திக்கலாம், அதுக்கப்புறம் பரிசோதனையைப் பத்திப் பேசலாம்னு..."

சாய்நாத்தின் கை பையின் ஜிப்பிலேயே நின்றது.

ஃபிசாவின் விரல் திரையைத் தொட்டது. கறுப்பு வட்டம், குறுக்கே கோடு. பக்கத்தில் இன்னொரு கறுப்பு வட்டம், அதிலும் கோடு.

"இதா எங்க அம்மி?"

விரல் கீழே இறங்கியது.

"அப்போ இந்த அம்பு? நான்தானே?"

"உக்காரு மகளே, ஆன்ட்டி சொல்றேன்..."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. அஃப்சருன்னிசா அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

சாய்நாத் பையைத் தோளில் மாட்டினான். தானும் ஓடலாம். ஓடிப் பிடித்து, என்ன சொல்லித் திரும்பக் கூப்பிடுவது?

கதவு வழியே பரத்வாஜின் முகம் எட்டிப் பார்த்தது. வாயெல்லாம் பல்.

"சபாஷ் சாய்நாத்! நாலாம் ரூம்ல இருந்து ஒரு பேஷன்ட் இவ்வளவு சீக்கிரம் வெளியில வந்து இன்னிக்குத்தான் பார்க்கறேன்!"