இடது கை வைக்கும் இடம்

கைக்குழந்தைக்குத் தலை நரைத்த மாதிரி இருந்தது. ஒரு அம்மாள் நேற்று வாங்கி, இன்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில், கீபோர்டுக்குக் கீழே இடது கை வைக்கும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாதும்மா. ஆனா வாங்கும்போதே தேஞ்சிருந்தா அது கம்பெனி கோளாறு. தகட்டை மாத்திடறேன்" என்றார் மெக்கானிக்.

கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று, வழக்கம்போல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிராயரில் போட்டார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடற வரைக்கும் கடிகாரத்தைக் கழட்டினதே இல்ல. பழைய லேப்டாப்புல இதே இடத்தைத் தேச்சுத் தேச்சே பளபளன்னு ஆக்கிட்டார்."

புதுத் தகடு இருந்த, சீல் வைத்த பெட்டியை மெக்கானிக் அம்மாளின் கண்ணெதிரே பிரித்தார். புதுத் தகட்டிலும் அதே இடம் தேய்ந்திருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வேற வரவழைக்கிறேம்மா."

"வேண்டாம், இதையே மாட்டுங்க."

கடைசித் திருகாணியை முடுக்கி அவர் லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தபோது, அந்த வழவழப்பின் நடுவே ஒரு புதுக் கீறல் இருந்தது. அதன் ஓரத்தில் தகட்டின் பொடி ஒட்டியிருந்தது. மெக்கானிக்கின் கடிகாரம் டிராயரில்தான் கிடந்தது.

அம்மாள் பொடியை மெல்ல ஊதிவிட்டார்.

"ரொம்ப நன்றி" என்றார். மெக்கானிக்கைப் பார்த்துச் சொல்லவில்லை.