கேமரா ஏற்காத குருவி

கார்த்திகை பிறந்த முதல் ஞாயிறு. பூங்காவின் மூங்கில் புதருக்குக் கீழே சருகைக் கிளறிக்கொண்டிருந்த பறவையை மங்கையர்க்கரசி மறுபடியும் படமெடுத்தாள். திரையில் இந்த முறையும் மைனாதான் வந்தது.

அவள் மூளைக் காய்ச்சலிலிருந்து மீண்டவள். இல்லாததைப் பார்த்ததாகச் சொன்னால் உடனே அழைத்து வரும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். பூங்காவில் குளிர்காலத்தில் வலசை வரும் ஆறுமணிக்குருவியைப் பார்த்ததாக அவள் சொன்னதும், பெங்களூரிலிருந்த மகள் செவ்வாய்க்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள். இப்போதெல்லாம் கேமரா படத்தைத் திருத்தித்தான் தருகிறது. அதன் கணக்கில் அந்தக் குருவி இந்த ஊரில் இல்லை; அதனால் மைனாவாக்கிவிடுகிறது. வீட்டில் எல்லோரும் அவள் கண்ணைவிட அதைத்தான் நம்பினார்கள்.

"மைனாதான், மங்கை," என்றார் கணவர் தணிகாசலம், திரையைப் பார்த்து.

"அதை விடுங்க. தலையைத் தூக்கி அங்க பாருங்க."

அவர் பார்த்தார். பச்சை முதுகு, நீலச் சிறகு, வயிற்றடியில் சிவப்பு. குட்டை வால் ஒருமுறை ஆடியது.

"அடிப்பாவி, இருக்குடி!"

அவள் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அடக்கிய அழுகை சிரிப்போடு கலந்து வந்தது.

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மகளைக் கூப்பிட்டார். "டாக்டர்கிட்ட போக வேணாம்மா. குருவியை நானே பார்த்துட்டேன்."

"போட்டோ அனுப்புங்கப்பா."

"போட்டோவுல மைனாதான் வருது."



"அப்பா... செவ்வாய்க்கிழமை உங்களுக்கும் சேர்த்துப் போட்டுடவா?"

மங்கையர்க்கரசி போனைப் பிடுங்கினாள். "போடு, போடு. துணைக்கு ஆள் இருந்தா நான் எங்க வேணும்னாலும் வரேன்."