குப்பன் கழற்றிய ஈயம்

"சொல்லுடா, நீதானே எடுத்தே?"

சாம்பசிவன் போட்ட சத்தத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தின் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

குப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தோட்டத்தில், சவுக்குக் கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த பழைய பாய்மரப் படகின் அடியில் வெறும் போல்ட் ஓட்டைகள்தான் தெரிந்தன. அங்கே மாட்டியிருந்த கீலைக் காணோம். கீல் என்றால் படகின் அடியில் நீளமாகத் தொங்குகிற ஈயக்கட்டி. அந்தக் கனம் இல்லாவிட்டால் கரையைத் தாண்டுவதற்குள் முதல் காற்றிலேயே படகு கவிழ்ந்துவிடும்.

"ஆமா சார். நாந்தான் கயட்டினேன்."

"கழட்டி?"

"காயிலாங்கடைல போட்டுட்டேன்."

ஒரு சாக்குகூடச் சொல்லவில்லை. திருடனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?  சாம்பசிவன் பாங்குக்குப் போய் வருவதற்குள் நாலு ஆளை வைத்து வேலையை முடித்திருக்கிறான்.

பதினாறு வருஷம் அந்த வீட்டுச் சோறு தின்றவன். படகைக் கழுவுவது, கிரீஸ் போடுவது, பாய் தைப்பது எல்லாம் அவன்தான். அவர் மனைவி ஞானாம்பாள் அவனுக்குப் போடாமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. ஆடியில் அவள் போனபோது சுடுகாட்டில் கடைசிவரை நின்றவனும் அவன்தான். எல்லாம் நடிப்பு!

"அவ போனதும் உனக்குக் குளிர் விட்டுப்போச்சு, இல்லே?"

"போலீஸ்ல குடுங்க சார்," என்றாள் எதிர்வீட்டுக் கனகவல்லி. "எனக்கு அப்பவே தெரியும். இவன் முழியே சரியில்ல."

"வேண்டாம்மா. என் கண்ணுல படாம எங்கேயாவது தொலையட்டும்."

குப்பன் கேட் வரைக்கும் போய்த் திரும்பினான்.

"சார், ஞாயித்துக்கெழம படக ஏத்திக்கினு முட்டுக்காட்டுக் கடலுக்குப் போவ மட்டும்னு நீங்க சொன்னபடி டெம்போ பேசி வெச்சிருந்தேன். வேணாம்னு சொல்லிடட்டா?"

"உன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போடா!"

அன்றைக்கே கேம்ப் ரோட்டில் இருக்கும் ஜெயவேலுவின் பட்டறைக்குப் போனார் சாம்பசிவன்.

"புதுசா ஒண்ணு வார்த்துக் குடுப்பா. மழை பிடிக்கிறதுக்குள்ளே நான் போயாகணும்."

"கூட யாரு சார் வர்றாங்க?"

"அவளும் நானும் போன படகு. இப்போ நான் மட்டும்தான்."

ஜெயவேலு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அடுத்த வாரம் தர்றேன் சார்."

அடுத்த வாரம் போனால் அச்சு மண் காயவில்லை. அதற்கடுத்த வாரம் கரண்ட் இல்லை. அப்புறம் ஈயம் கிடைக்கவில்லை, மச்சானுக்கு வயிற்றுப்போக்கு. ஊரில் உள்ள சாக்கெல்லாம் ஜெயவேலுவிடம் ஸ்டாக் இருந்தது. சாம்பசிவன் தினமும் சைக்கிளை மிதித்துப் போய்க் கத்திவிட்டு வருவார்.

வீட்டுக்கு வந்தால் கத்துவதற்கும் ஆள் இல்லை. சோறு இறங்கவில்லை. பம்பாயில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, சாமி அலமாரியில் வைத்திருந்தார். வீட்டுப் பத்திரமும் பாங்க் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருந்தன. எல்லாம் தயார். இந்த ஈயம் ஒன்றுதான் பாக்கி.

ஆயுத பூஜை அன்று எந்தப் பட்டறையிலும் வேலை நடக்காது. தெரிந்தும் போனார். இன்னும் இரண்டு நாள் கெடு வைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனார்.

பட்டறையைக் கழுவி விட்டிருந்தார்கள். சுத்தியல், ஸ்பானர், வெல்டிங் மெஷின் என்று ஒன்று விடாமல் வெளியே எடுத்து வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

அந்த வரிசையின் கடைசியில், மூன்று பொட்டுகளுடன், அவருடைய கீல். என்றைக்கோ பாறையில் இடித்த பள்ளம்கூட அப்படியே இருந்தது.

சாம்பசிவன் ஜெயவேலுவின் பக்கம் திரும்பினார்.

"திருட்டுப் பொருளை வாங்கி உள்ளே வச்சுக்கிட்டா இத்தனை நாளா என்னை அலைய விட்டே?"

ஜெயவேலு கையில் இருந்த பொரித் தட்டைக் கீழே வைத்தான்.

"வாங்கல சார். குப்பன்தான் மீன்பாடி வண்டில வெச்சுக் கொண்டாந்தான். உள்ள வெச்சிருன்னான், ஒரு பைசா கேக்கல. இந்தப் பொட்டுகூடக் காத்தால அவன் வந்து வெச்சதுதான். வருசா வருசம் வெக்கிறது, உட்டா மனசு கேக்கலன்னான்."

"விக்கலையா? அப்போ எதுக்குய்யா திருடன்னு பேர் வாங்கிக்கிட்டுப் போனான்?"

ஜெயவேலு அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"போவ மட்டும் டெம்போ பேசச் சொன்னீங்களாமே சார்... என்னிக்குத் திரும்பி வர்றதுக்கும் சேத்துப் பேசறீங்களோ, அன்னிக்கு மாட்டிக் குடுக்கச் சொல்லிட்டுப் போயிருக்கான்."