அண்ணனின் ஷூ

"வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டான் கூரியர்க்காரன்.

"அண்ணன் தூங்குறாரு. பார்சலை அவரு ஷூ பக்கத்துல வச்சிட்டுப் போங்க" என்றாள் நீச்சல் டீச்சர், கதவைத் திறக்காமலே.

கீழே குடியிருந்த ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கும் அதே பதில்தான். "நைட் டியூட்டி ஆன்ட்டி. பகல்ல எழுந்திரிக்கவே மாட்டாரு."

மறுவாரம் வகுப்பு முடிந்து ஈரத்தலையோடு வந்தவளை அந்த அம்மா படியில் நிறுத்தினாள்.

"ஒருவழியா உங்க அண்ணனைப் பார்த்துட்டேன்மா. சாவியை மறந்துட்டாராம். எங்கிட்ட இருந்ததைக் குடுத்தேன். உள்ளதான் இருக்காரு."

மாடி வாசலை நிமிர்ந்து பார்த்தாள். ஷூவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி செருப்பு கிடந்தது.

'தனியா இருக்கறதைக் காட்டிக்காதே' என்று தோழி சொன்ன அன்றுதான் பழைய சாமான் கடையில் அந்த ஷூவை வாங்கினாள். இல்லாத அண்ணனை உண்டாக்கியதும் அன்றுதான்.